கட்டத்தில் பாதி கடல்

தம்மாமிலிருந்து மச்சான்
லுஹர் தொழுத கையோடு ஒரு படம் அனுப்புவார்.
வாலிநோக்கம் முதல் பெரியபட்டினம் வரை
கரை முழுக்கப் பச்சை.
"காத்து நல்லாருக்கு. மகரந்தம் கம்மி.
புள்ளய வெளிய விடு."

அந்த நேரத்துக்கு அது பொய்யும் இல்லை.
கடல்காற்று ஏறி வந்து
புகையைத் திருப்புல்லாணிப் பக்கம் தள்ளியிருக்கும்.
இஷாவுக்குப் பிறகுதான் காற்றுக்கு மனசு மாறும்.
நிலத்திலிருந்து இறங்கி
இருளாயியின் மூன்று கரிமூட்டங்களையும் தடவிக்கொண்டு
எங்கள் கதவிடுக்கில் நுழையும்.
மச்சான் அப்போது டூட்டியில்.

போன மாசம் அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தேன்.
ஒரு சதுரம் விரிந்தது.
எங்கள் ஊருக்கென்று கருவி எதுவும் கிடையாதாம்.
எங்கோ ஒரு கருவி, மேலே ஒரு செயற்கைக்கோள்,
நடுவில் ஒரு கணக்கு.
சதுரத்தின் கீழ்ப்பாதி கடல்.
கடலுக்கு இரைப்பு இல்லை.
கடலையும் என் மகனையும் கூட்டி
இரண்டால் வகுத்தால் வருகிற பச்சை அது.

மகரந்தத்துக்குத் தனிப் பக்கம்.
பிர்ச், ஓக், ஆலிவ்.
ஆலிவ் தெரியும், சைத்தூன்,
பெட்டி கட்டும்போது இரண்டு டின் வைப்பார்.
பிர்ச்சை எங்கள் ஊர் ஆடு ஒன்றும் மேய்ந்ததில்லை.
கருவை அந்தப் பட்டியலில் இல்லை.
கண்மாய்க்குள், மையவாடி வேலியில்,
பள்ளிக்கூடக் கக்கூசுக்குப் பின்னால்
மஞ்சள் மஞ்சளாய்க் கதிர் தொங்க நிற்கிறது கருவை.
உரசிப்போனால் சட்டை மஞ்சள்.
'மரம்: இல்லை' என்கிறது வரைபடம்.

இருளாயி தண்ணீருக்கு வந்தாள்,
புருவம் வரைக்கும் கரி.
"இதுல எம் மூட்டம் எங்கிட்டு இருக்கு?"
இரண்டு விரலால் விரித்துக்கொண்டே போனேன்.
ரோடு போனது, பேர் போனது,
கடைசியில் சாம்பல் கட்டம்.
அவளுக்குச் சிரிப்பு.
"பச்சயாம்ல! பொகைக்கு ஏது பச்ச?
வெள்ளயா வந்தா வெறகுல ஈரம்.
நீலமா, நூலாட்டம் வந்துச்சுன்னா கரியாயிருச்சு.
மண்ண அள்ளிப் போட்டு
மூச்ச அடைச்சிரணும்."
சொன்னவள் கட்டிலைப் பார்த்தாள்.
முஃபீது நீலப் பம்பைப் பிடித்தபடி
உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தான்.
"மீனு என்ன வெல போகுது?" என்றாள்.

மூட்டத்தைத் தள்ளிப் போடச் சொல்லலாம் என்று
வாய் வரைக்கும் வந்தது.
மூட்டைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டேன்.
சொன்னாள்.
அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.
இன்னொரு சொம்பு கொடுத்தேன்.
குடித்துவிட்டு இருமினாள்,
வாசல் தாண்டும் வரை அடக்கி வைத்திருந்து.

அன்று ராத்திரி முஃபீதுக்கு இரண்டு தடவை பம்பு.
விடியும் வரை எனக்கு வேலை
அவன் நெஞ்சுக்கூட்டை எண்ணுவது.
நடுவில் சும்மா விரலை மேற்கே நகர்த்தினேன்.
குமரியைச் சுற்றி, அரபிக்கடல் முழுக்கப் பச்சை,
ஓமான் வந்ததும் மஞ்சள்,
மேலே போகப் போக ஆரஞ்சு, சிவப்பு.
தம்மாம் ஊதா.
ஊதாவுக்கும் அப்புறம் ஒரு நிறம் வைத்திருக்கிறார்கள்,
காய்ந்த ரத்தம் மாதிரி.
மச்சான் கேம்ப் இருக்கிற இடத்தில் அதுதான்.

ஒரு நாளும் சொன்னதில்லை.
போனில் தொண்டையைச் செருமினால்
"ஏசி ஒத்துக்கல" என்பார்.
அங்கே நின்றுகொண்டுதான்
எனக்குப் பச்சை அனுப்பியிருக்கிறார்,
இரண்டு வருஷமாய், வெள்ளிக்கிழமையும் விடாமல்.

இன்று அவர் படம் வருமுன்னே
நான் ஒன்று அனுப்பினேன்.
ஜன்னல் விளிம்பு.
கரித்தூள், அதன்மேல் கருவையின் மஞ்சள்,
நடுவே என் விரல் இழுத்த ஒரு கோடு.
ஒரு வார்த்தையும் எழுதவில்லை.
கீழேயே இன்னொரு படம்:
அவருடைய ஊர், அந்த நிறம்.

நீலமாய் இரண்டு டிக் விழுந்தது.
'டைப் செய்கிறார்' என்று வந்தது.
நின்றது.
மறுபடி வந்தது.

கடல்காற்று இன்னும் இருக்கிறது.
மூன்று மணிக்கு முஃபீது பந்தை எடுத்துக்கொண்டு
கரைக்கு ஓடினான்.
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
அசர் வரைக்கும் ஜன்னலைத் திறந்து போட்டேன்.